அந்த வளைவின் மேல் ஆளை ஏற்றாதீர்கள்

ஹவாய்க்குக் குழுவாக அழைத்துச் செல்லும் தமிழ்ப் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், பயணக் காணொளி எடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உங்கள் ஹவாய் விளம்பரங்களிலும் காணொளி முகப்புகளிலும் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வருகிறது. கறுத்த பாறை வளைவு, அடியில் நுரைத்துப் புரளும் கடல், வளைவின் உச்சியில் கைகளை விரித்தபடி ஒருவர். பக்கத்தில், "கடலுக்கு மேலே இயற்கைப் பாலம், நடந்து பார்க்கலாம் வாங்க" என்று ஒரு வரி. அந்த இடம் ஹவாயின் பெரிய தீவில், எரிமலைகள் தேசியப் பூங்காவின் கடலோரத்தில் இருக்கும் ஹோலேய் கடல் வளைவு. அதன் மேல் யாரும் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பவர் நிற்கும் இடத்துக்கு, தடுப்பைத் தாண்டாமல் போக வழியில்லை. ஆகவே நீங்கள் விளம்பரம் செய்வது வளைவை அல்ல, தடுப்பைத் தாண்டுவதை.

ஹவாயின் இன்னொரு தீவான காவாயிலுள்ள 'இறைவன்' என்னும் சிவன் கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பலரும், வந்ததோடு எரிமலையையும் பார்த்துவிடலாம் என்று பெரிய தீவுக்கு வருகிறார்கள். 2024 டிசம்பர் 23 முதல் கீலவேயா எரிமலையின் உச்சியில் நெருப்புக் குழம்பு விட்டுவிட்டுப் பீறிட்ட பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. வருபவர்களில் வயதான பெற்றோர் உண்டு, பள்ளிப் பிள்ளைகள் உண்டு. பலகையில் எழுதியிருப்பதைவிடத் தமிழில் நீங்கள் சொல்வதைத்தான் அவர்கள் நம்புவார்கள். "ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்கு அது உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தைத் தர உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பாறையிலிருந்தே சொல்கிறோம்.

"கோடி ஆண்டுப் பழமை" என்று சிலர் எழுதுகிறீர்கள். தவறு. அந்த வளைவு குடையப்பட்டிருக்கும் எரிமலைக் குழம்புப் படிவத்தின் வயது ஏறத்தாழ 550 ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலின் வயதில் பாதியை ஒட்டித்தான் வரும். அந்தப் படிவத்தைக் கடல் குடைந்து வளைவாக்கியது அதற்கும் பிறகு. பாறையே இவ்வளவு இளசு, அதற்குள் 27 மீட்டர் உயரத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது என்றால் அங்கே அரிப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். காலத்தை வென்று நிற்கும் கல் என்று அதை வருணிப்பது மக்களைத் தவறான நம்பிக்கைக்கு இழுக்கிறது.

இனி அதன் உள்ளமைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பாறையாகத் தெரியும். உண்மையில் அது அடுக்கடுக்கானது. குழம்பு ஓடி ஆறும்போது நடுப்பகுதி இறுகிக் கெட்டியாகிறது. ஹவாய் மக்கள் ஆஆ என்று சொல்லும் கரடான வகையில், மேலும் கீழும் உடைசல் கற்கள் சேர்ந்து சல்லிக் குவியல் போலத் தங்கிவிடும். பாஹோய்ஹோய் என்னும் வழவழப்பான வகையில் மேல்தோல் தட்டையாக இறுகினாலும், உள்ளே வாயுக் குமிழ்களும் சில இடங்களில் வெற்றுப் பொந்துகளும் இருக்கும். கெட்டியான பகுதியும்கூட ஆறும்போது சுருங்குவதால் மேலிருந்து கீழாகப் பிளவுகள் ஓடும். இப்படிக் கெட்டி, சல்லி, பிளவு என்று கலந்து கிடக்கும் சுவரில் அலை மோதும்போது சல்லி அடுக்குதான் முதலில் போகும். அது போன பின், அதை நம்பி உட்கார்ந்திருந்த கெட்டி அடுக்கு பிளவு வழியாகத் துண்டு துண்டாகக் கழன்று விழும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இது நடந்தால் குகை, குகை மறுபக்கம் திறந்துகொண்டால் வளைவு, வளைவின் கூரை விழுந்தால் கடலுக்குள் தனியே நிற்கும் ஒரு பாறைத் தூண். ஹோலேய் இப்போது வளைவு நிலையில் இருக்கிறது. தூண் நிலை வந்தே தீரும் என்பதில் நிலவியலாளர் யாருக்கும் ஐயமில்லை. எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அலை மட்டும் அரிக்கவில்லை. உப்பும் அரிக்கிறது. சாரல் பாறையின் குமிழ்த் துளைகளில் புகும், வெயிலில் காயும், உப்பு படிகமாகி விரியும், துளையின் சுவரை நெம்பும். கடலோர வீடுகளில் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வேலை அங்கே வளைவின் அடிப்பக்கத்தில், மேலே நிற்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

எங்களிடம் அடிக்கடி வரும் வாதம் இது: "இவ்வளவு பெரிய பாறை, ஒரு ஆள் ஏறினால் விழுமா?" விழாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு கன மீட்டர் கெட்டியான எரிமலைக் கல்லின் எடை இரண்டரை டன்னுக்குக் குறையாது. அத்தனை எடையைத் தாங்கி நிற்கும் கூரைக்கு 70 கிலோ மனிதர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கேள்வி அதுவன்று. கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்வார்: வளைவு நிற்பது கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால்தான். கல் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அடியிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழன்றுகொண்டே வந்தால் கூரை மெலிந்து, வளைவாக நிற்க வேண்டியது கிடையாகக் கிடக்கும் உத்தரம் போல ஆகிவிடும். அப்போது அடிப்பக்கம் இழுபடும், விரிசல் மேல்நோக்கி ஏறும். கடைசிக் கல் எது என்பதற்கு மேலே எந்த அடையாளமும் தெரியாது. நேற்று நூறு பேர் நின்றார்கள் என்பது இன்றைக்குச் சான்று ஆகாது, ஏனென்றால் நேற்று இருந்த அடிக்கல் இன்று இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் லண்டன் பாலம் என்று அழைக்கப்பட்ட இரட்டை வளைவில், கரையோடு சேர்ந்திருந்த பகுதி 1990 ஜனவரி 15 அன்று இடிந்தது. மறுபுறத்தில் நின்ற இருவர் கடலுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. சற்று முன்புதான் அவர்கள் அந்தப் பகுதியைக் கடந்து போயிருந்தார்கள். மால்டாவில் உலகமே படம் எடுத்த நீலச் சாளரம் என்னும் கடல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் அடியோடு சரிந்தது. கலாபகோஸ் தீவுகளில் டார்வின் வளைவு 2021 மே 17 அன்று விழுந்தது. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே பெரிய தீவில், ஹிலோவுக்கு வடக்கே ஓனொமேயா வளைவு என்று ஒன்று இருந்தது, அஞ்சல் அட்டைகளில் அச்சாகிய புகழ்பெற்ற இடம். 1950-களில் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது.

நிலநடுக்கம் என்றதும், இந்தக் கரை எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கீலவேயாவின் தென்சரிவு முழுவதும் கடலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் நிலம். 1975 நவம்பர் 29 அதிகாலையில் கலாபனா அருகே ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் இந்தக் கரையின் சில பகுதிகள் 3 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் ஹலாபே கடற்கரையில் கூடாரமடித்திருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். 2018 மே 4 அன்று 6.9 அளவில் இன்னொன்று. அந்த ஆண்டு பூங்காவின் பெரும்பகுதி செப்டம்பர் 22 வரை மூடிக் கிடந்தது. 2016-இன் கடைசி நாளில், ஹோலேய்க்குக் கிழக்கே கமொகுனா என்னுமிடத்தில் குழம்பு கடலில் கலந்து உருவாக்கிய புதுத் திட்டு 20 ஏக்கருக்கும் மேல் கடலுக்குள் போனது. அதோடு, மக்கள் நின்று வேடிக்கை பார்த்த பழைய கரைப்பாறையிலும் ஒரு பகுதி போனது. கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்தை அன்றைக்கும் சிலர் தாண்டிச் சென்று, கடைசி நேரத்தில் விலகினார்கள். கயிறு எங்கே கட்டப்படுகிறது என்பதை முடிவு செய்பவர்கள் இதையெல்லாம் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் வழிகாட்டிகளுக்குச் சொல்லுங்கள். 27 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒன்பது மாடி. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதில் பிழைத்தாலும் அடியில் மணல் இல்லை, ஏறி நிற்கத் திட்டு இல்லை. செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றோடொன்று முட்டுவதால் தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் எகிறும். நீச்சல் தெரிந்தவரையும் சுவரில் அடிக்கும். கரையேற வழியே கிடையாது. மீட்பு என்றால் ஹெலிகாப்டர்தான். அதை அழைக்க 911 அடிக்க வேண்டும், அங்கே கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் தேடி மலையேறும் நேரம் முழுவதும் கடலில் ஒருவர் தனியாக இருப்பார். பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு, அவர் மீதிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் நிற்க, மற்றவர் உதவிக்கு ஓட வேண்டும். உங்களில் எத்தனை பேர் இதைக் குழுவுக்குச் சொல்லிக் கூட்டிப்போகிறீர்கள்?

வளைவில் ஏறாமல் விளிம்பில் மட்டும் நின்றால் போதுமே என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கரை பல இடங்களில் அடியில் உள்வாங்கி, மேலே மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. நிற்பவருக்கு அது தரை, கடலிலிருந்து பார்ப்பவருக்குத்தான் வெறும் பலகை. விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல் தெரிந்தால், அது விரல் நுழையாத அளவு மெல்லியதாக இருந்தாலும், விரிசலின் கடல்பக்கம் ஏற்கெனவே கழன்ற பகுதி என்றே கொள்ள வேண்டும். காலடி வைக்கும்போது பானையைத் தட்டினாற்போல ஒலித்தால் கீழே பொந்து இருக்கிறது, மேலே இருப்பது ஓடு. பாறை ஈரமாக இருந்தாலோ உப்புப் படிந்து வெளுத்திருந்தாலோ சாரல் அங்குவரை ஏறுகிறது என்று பொருள். தடுக்கி விழுந்து கை ஊன்றினாலே போதும், அந்தக் கல்லின் கண்ணாடி போன்ற மேற்பரப்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும். செருப்போடு கூட்டிவருகிறீர்கள். கெட்டி அடியுள்ள மூடிய காலணி இல்லாமல் யாரையும் வண்டியை விட்டு இறக்கக் கூடாத இடம் அது.

மக்கள் ஏன் விளிம்புக்குப் போகிறார்கள் என்பதற்குப் பாதிக் காரணம் கைபேசிக் கேமரா. அதன் அகலக் கோண லென்ஸில் முன்னால் நிற்கும் ஆள் பெரிதாகவும், பின்னாலிருக்கும் வளைவு கட்டைவிரல் அளவாகவும் விழும். வளைவு சின்னதாகத் தெரிகிறதே என்று ஆளை இன்னும் பின்னால், இன்னும் ஓரமாகப் போகச் சொல்கிறோம். செய்ய வேண்டியது நேர்மாறு. பார்வையிடத்தில் தடுப்புக்கு இப்பால் மூன்று மீட்டர் தள்ளி ஆளை நிறுத்துங்கள். படம் எடுப்பவர் அவரிடமிருந்து இன்னும் எட்டுப் பத்து மீட்டர் பின்னால் போய், இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் போட்டு, சற்றுக் குனிந்து எடுக்கட்டும். ஆள் அதே அளவில் இருப்பார், வளைவு அவருக்குப் பின்னால் ஓங்கி நிற்கும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு 70–200 லென்ஸ் போதும். முக்காலி வைத்தால் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள், காற்று தள்ளும். ட்ரோன் எடுத்துவரவே வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் 2014 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையை மீறினாலும், மூடிய பகுதிக்குள் நுழைந்தாலும் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. விசாவில் வந்த ஒரு குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று யோசியுங்கள்.

உங்கள் பயணத் திட்டத்தில் இன்னொரு குறை, இதற்கெல்லாம் அது அடிவேர் என்றுகூடச் சொல்வோம்: நேரம். பூங்கா முழுவதையும் அரை நாளில் அடைக்கிறீர்கள். வளைவுக்குப் போகும் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலை மேலிருந்து கடல்வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இறக்கம் 1,100 மீட்டருக்கும் மேல். எங்கும் நிற்காமல் போய்த் திரும்பவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படி ஓட்டிவந்து கடைசியில் "இருபது நிமிஷம், சீக்கிரம் படம் எடுத்துக்கோங்க" என்று இறக்கிவிட்டால், பதற்றத்தில் யாருக்கும் பலகை கண்ணில் படாது. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் குடிநீரோ பெட்ரோலோ கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நிறைந்த டேங்க், தொப்பி, மேலே குளிருக்கும் கீழே வெயிலுக்கும் சேர்த்து உடை. இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறைத்து ஓட்ட வேண்டும். வாடகை ஆட்டோமேட்டிக் வண்டியானால் 'எல்' (L) அல்லது 'பி' (B) கியர். ஹவாயின் மாநிலப் பறவையான நேனே வாத்து சாலையில் நடமாடும், வண்டியில் அடிபட்டுச் சாவதும் உண்டு. அதற்குத் தீனி போடுவது அதைச் சாலைக்குப் பழக்குவதாகும், தடையும் இருக்கிறது.

அந்தச் சாலையிலேயே, கடலுக்குச் சற்று முன்னால், புவுலோவா இருக்கிறது. 23,000-க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள். போய்வர 2.2 கிலோமீட்டர் நடை. ஹவாய் மக்கள் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை, குழந்தைக்கு நீண்ட ஆயுள் வேண்டி, இங்கே பாறையில் குடைந்த சிறு குழிகளில் வைத்தார்கள். தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிட மனத்தைத் தொடும் இடம் அந்தப் பூங்காவில் இருக்குமா என்று தெரியவில்லை. உங்கள் திட்டங்களில் இது இல்லவே இல்லை. சேர்க்கும்போது, மரப்பலகைப் பாதையை விட்டுக் கீழே கால் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிதிபட்டால் கோடுகள் தேய்ந்துவிடும். அங்கிருந்து கல்லை எடுத்துவருவதும் கல்லின் மேல் கல் அடுக்குவதும் வேண்டாம். அந்த மண் எரிமலைத் தெய்வமான பெலே தேவியின் உடல் என்று நம்பும் மக்களின் நிலம் அது.

எங்கள் கோரிக்கைகள் இவை. வளைவின் மேல் ஆள் நிற்கும் படங்களையும் காணொளித் துண்டுகளையும் உடனே எடுத்துவிடுங்கள். "பழைய படம்தானே" என்று விட்டுவைக்காதீர்கள், பார்ப்பவர் தேதி பார்ப்பதில்லை. "இயற்கைப் பாலம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பாலம் என்றால் கடக்கத் தோன்றும். கடல் வளைவு என்று எழுதுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்களுக்கு, வளைவைத் தடுப்புக்கு இப்பாலிருந்துதான் பார்க்கலாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். வந்திறங்கிய பின் சொன்னால் ஏமாற்றமும் சண்டையும்தான் மிஞ்சும். புறப்படும் நாள் காலையில் பூங்காவின் அறிவிப்புகளைப் பாருங்கள். சாலையோ கரையோ மூடியிருந்தால் திட்டத்தை மாற்றுங்கள், சுற்றுவழி தேடாதீர்கள். பணம் வாங்கி வழிகாட்டுவதற்குப் பூங்காவின் வணிக அனுமதி தேவை. அது இல்லாமல் நடத்துபவர்கள் அதை முதலில் பெறுங்கள். குழுவில் பன்னிரண்டு பேருக்கு ஒருவராவது கரைப்பக்கம் முதுகைக் காட்டாமல் மற்றவர்களைப் பார்த்தபடி நிற்கட்டும், குழந்தைகளின் கை பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்த பயண அறிவிப்பை நீங்கள் வெளியிடும்போது அதில் வளைவின் படம் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். பார்வையிடத்திலிருந்து எடுத்த படம், மேலே ஆள் இல்லாத படம். படத்தின் அடியில் தமிழில், பெரிய எழுத்தில், "தடுப்பைத் தாண்ட அனுமதி இல்லை, எங்கள் குழு தாண்டாது" என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஹவாய் எரிமலைக் கரையை அறிந்த தமிழர்கள் சிலர்